ரித்விக்கின் ரீடர்

காலை பத்தேகால். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே எழுபது பெற்றோர். அவர்களில் ஒருவர் தணிகாசலம், லோடு வேன் ஓட்டுகிறவர். மகள் மோனிஷா உள்ளே பிளஸ் டூ இயற்பியல் எழுதுகிறாள். மணி அடித்தாயிற்று, இனி மதியம் வரை கேட் திறக்காது. அவளுடைய சர்க்கரை இப்போது நூற்றுப் பத்து இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். வரிசையில் நின்றபோது ரீடர் நூற்றுப் பதினெட்டு காட்டியது, எண்ணுக்குப் பக்கத்தில் அம்பு படுத்திருந்தது. அம்பு படுத்திருந்தால் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலை கவிழ்ந்தால்தான் பயம். மேல் கையில் ஒட்டிய வில்லை, அதை எட்டி நின்று படித்துச் சொல்லும் கைக்கடக்கமான ரீடர், இந்த இரண்டும் சேர்ந்து அவளுடைய ரத்தத்தில் நடப்பதை ஓர் எண்ணாகச் சொல்லும், எண் எழுபதுக்குக் கீழே போனால் ரீடர் அதிரும். விரலில் குத்திப் பார்க்கும் பழைய மெஷினும் பையில் இருக்கிறது. ஆனால் அது கேட்டால்தான் சொல்லும். கேட்க வேண்டும் என்று தோன்ற வேண்டுமே. மற்றப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்குமாம், வியர்க்குமாம், பசிக்குமாம். மோனிஷாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது வருடமாக ஊசி போட்டுப் போட்டு அந்த எச்சரிக்கை மணி உள்ளே அறுந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார்கள். இவள் நடுங்கமாட்டாள், சிரிப்பாள். எழுதிக்கொண்டே இருப்பாள். அரையாண்டுத் தேர்வில் அப்படித்தான், விடைத்தாளின் நான்காம் பக்கத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள், ஒவ்வொரு வரியும் வலது பக்கம் சரிந்து சரிந்து கடைசியில் பக்கத்தைவிட்டே இறங்கிவிட்டது, பேனா மேஜைமேல் எழுதியிருந்தது. அன்று ரீடர் கையில் இல்லை. வில்லை வாங்காத மாதம் அது.

கோதண்டம் ஆட்டோவை மர நிழலில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நடைபாதையில் உட்கார்ந்தார். அவர் மகளும் உள்ளே. "இன்னா தணிகா, நீ எழுதற மாதிரி வேர்த்துக்கினு கீறே. உம் பொண்ணு டாக்டருக்குப் படிச்சிடும், என் பொண்ணுதான் கேள்வித்தாளையே திருப்பி எழுதி வெச்சிட்டு வரும்." தணிகாசலம் சிரித்துவைத்தார். நூற்றுப் பத்து, இல்லை, நூற்றெட்டு. காலையில் மூன்று இட்லி, ஊசி வழக்கத்தைவிட இரண்டு யூனிட் குறைவு. மனைவி கஸ்தூரி அளந்து போட்டாள், போட்டுவிட்டுத்தான் எக்ஸ்போர்ட் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள். பதினொன்றரைக்கு டீ இடைவேளையில் போன் செய்வாள், என்ன காட்டுது என்று கேட்பாள், உள்ளே இருக்கிறது எனக்கெப்படித் தெரியும் என்று இவர் சொல்ல வேண்டும். ஆனால் தெரிந்துகொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது. ஒரு மூட்டையைப் பார்த்தாலே இது நாற்பது கிலோ, இது அறுபது என்று சொல்லிப் பழகிய மனசு எண் சொல்லாமல் இருக்காது. நூற்றாறு.

அந்த ரீடர் அவளுடையது இல்லை. இந்த நினைப்பு வந்தவுடன் அவர் கேட்டைப் பார்த்தார், நினைப்பு யாருக்காவது கேட்டிருக்கும் என்பது போல. அவளுடையது மார்ச் முதல் தேதியே செத்துப்போனது. செத்துப்போனது என்பது தப்பு, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. நான்கு வருடம் முன்பு ஆஸ்பத்திரி முகாமில் கம்பெனிக்காரனே இலவசமாகக் கொடுத்தான், வில்லையை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கணக்கில். மார்ச் ஒன்று காலையில் அது மூன்று முறை கூவியது, திரையில் இங்கிலீஷில் நன்றி சொன்னது, இந்த மாடலுக்குச் சேவை நிறுத்தப்பட்டது, இனி செல்போனில் செயலியாகப் பயன்படுத்தவும் என்றது. பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே நன்றிதான். வில்லை அவள் கையில் ஒட்டிக்கொண்டு அளந்துகொண்டேதான் இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை. கஸ்டமர் கேரில் பேசிய பெண்ணின் குரல் அப்படிக் குழைவாக இருந்தது. "ஆப்ல உங்க அனுபவம் இன்னும் நல்லா இருக்கும் சார்." "பரீட்சை ஹால்ல போன் விடமாட்டாங்கம்மா." "புரியுது சார். பரீட்சை முடிஞ்சதும் டவுன்லோட் பண்ணிக்கலாமே சார்." வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அந்தப் பெண்ணின் மேல் கோபமில்லை. சின்னக் குரல், மோனிஷாவைவிட நான்கைந்து வயது கூட இருக்கலாம்.

ஹாலுக்குள் கொண்டுபோக அனுமதி வாங்க மட்டும் இரண்டு மாதம் ஆயிற்று. டாக்டர் சான்று, தலைமையாசிரியை கையெழுத்து, மேலிடத்துக் கையெழுத்து. கடைசியில் வந்த கடிதத்தில் ரீடரின் வரிசை எண்ணே டைப் அடித்திருந்தது, விரலில் குத்தும் மெஷினும் மிட்டாயும் போக வேறு எதையும் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக. மெஷின் நின்றுவிட்டது, வேறு மெஷினுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்கப் போனபோது தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பரீட்சைக்கு முன்னாடி இன்னொரு லெட்டர் வராதுங்க. இந்த நம்பர் இருக்கற மெஷின்னா என்னால விட முடியும்" என்றார். உதவி செய்யத்தான் சொன்னார். இந்த நம்பர் இருக்கிற மெஷின். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டுதான் அவர் யார்டுக்குப் போனார்.

யார்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம். மின்கழிவு அரைக்கும் இடம். கழிவு என்று பெயர்தான், கம்பெனிகள் பழசைச் சேர்த்துவைக்கும் டிப்போக்களிலிருந்து தணிகாசலம் ஏற்றிக்கொண்டு போவதில் பாதி நல்லாத்தான் இருக்கும். பூட்டும் திறக்கும் கதவுப் பூட்டுகள், படம் தெரியும் கேமராக்கள், மணி காட்டும் வாட்சுகள். வாடிக்கையாளர் பழசைக் கொடுத்துத் தள்ளுபடியில் புதுசு வாங்கியிருப்பார், அல்லது கம்பெனி போதும் என்று முடிவுகட்டியிருக்கும். டிப்போவில் எடை, யார்டில் எடை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும், அரைப்பதை வீடியோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், ஒன்றுகூட வெளியே விற்பனைக்குப் போகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒருநாள் குவியலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் இன்றைக்கு மழை வரும் என்றது. பேட்டரி பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பயந்து எழுந்துவிட்டார்கள். பேசும் ஸ்பீக்கர், அடியில் எங்கேயோ கிடந்து யாரோ கேட்டதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லியது. சூப்பர்வைசர் எபனேசர் சிரிக்காமல் சொன்னான், "இதுங்கள நாம உயிரோடதாண்ணே பொதைக்கிறோம்." அன்று மழை வந்ததா என்று அவருக்கு நினைவில்லை. ஏன் இப்போது அது ஞாபகம் வருகிறது. நூற்றிரண்டு. முதல் அரைமணி ஒருமதிப்பெண் கேள்விகள், அதில் அவளுக்குக் கஷ்டம் கிடையாது, மூளை அதிகம் வேலை செய்தால் சர்க்கரை சீக்கிரம் செலவாகுமா, அதை டாக்டரம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

ரீடர்கள் தனி சாக்கில் வந்தன. கம்பெனி எல்லாவற்றையும் ஒரே நாளில் அணைக்கவில்லை, லாட் லாட்டாக அணைத்தது. ஒரு சாக்கு முழுக்கச் செத்தது, இன்னொரு சாக்கில் திரைகள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே சிம் இருக்கிறதாம், எங்கே கிடந்தாலும் கம்பெனி கூப்பிட்டால் அதற்குக் கேட்கும். தணிகாசலம் எரிகிற சாக்கிலிருந்து ஒன்றை எடுத்தார், மோனிஷாவுடையதைப் போட்டார், எடைக்கு எடை சரி. போடுவதற்கு முன் இரண்டின் பின்மூடியையும் நெம்பிக் கழற்றி மாற்றினார். எண் ஒட்டியிருப்பது பின்மூடியில்தான். செத்ததைக் கொடுத்து உயிருள்ளதை வாங்கியதில் யாருக்கு நஷ்டம் என்று அன்று தோன்றியது, இன்றைக்கும் பதில் வரவில்லை. எபனேசர் வாசலில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு, "இந்த லாட்டு மாசக் கடைசிலதான் அணைக்கறதா மெயில் போட்டுக்கீறான்" என்றான், கேட்காத கேள்விக்குப் பதிலாக. மாசக் கடைசி என்றால் தேர்வு முடிந்துவிடும். வீட்டில் சார்ஜ் போட்டதும் திரையில் ஒரு பெயர் வந்தது. மோனிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, எம் பேரு ரித்விக்காம். கீழ்ப்பாக்கத்துல வீடா இருக்கும்ப்பா." பெயரை மாற்ற முடியவில்லை, பெயர் மாற்றும் பக்கம் முன்பே மூடிவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது போனில் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பரீட்சையை எப்படி எழுதுகிறான். ஒருவேளை சின்னப் பையனாக இருக்கலாம், பரீட்சையே வராத வயது.

"டீ சாப்பிடறியா?" என்றார் கோதண்டம். வேண்டாம். இளநீர்? வேண்டாம். எதிர் நடைபாதையில் ஒரு அம்மா குங்குமம் மடித்த காகிதத்தை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடியிருந்தாள். பெட்ரோலும் கந்தகமும் கலந்த காற்று மணலிப் பக்கமிருந்து வந்தது. கேட்டுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும், தொப்பியை மடியில் வைத்திருந்தாள். எண் தொண்ணூறுக்கு வந்திருக்கும். இல்லை, நான்தான் இறக்குகிறேன், அது நூற்றிலேயே நிற்கிறது, அம்பு படுத்திருக்கிறது. போன் அடித்தது. கஸ்தூரி என்று நினைத்து எடுத்தார். எபனேசர். "அண்ணே, நாளைக்கு அம்பத்தூர் டிப்போ லோடு, காலைல சீக்கிரம் வந்துடுங்க." சரி. "அப்புறம் இன்னிக்கு ஒரு கூத்து. ரீடர் சாக்கு இருந்துச்சில்ல, இப்பத்தான் மொத்தமும் கூவிச்சு. கோழிப்பண்ணை மாதிரி. கூவிட்டு படுத்துடுச்சுங்க." எந்த லாட்டு என்று கேட்டபோது தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "எல்லாமேண்ணே. மாசக் கடைசின்னான், இன்னிக்கே முடிச்சிட்டான்." பிறகு எபனேசருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "அண்ணே, நீங்க எங்க இருக்கீங்க?" என்றான். தணிகாசலம் போனை வைத்துவிட்டார்.

உட்கார்ந்தார். எப்போது எழுந்து நின்றோம் என்று தெரியவில்லை. அப்படியானால் உள்ளேயும் கூவியிருக்கும். அதிர்வில் வைத்திருந்தோம், அதனால் கூவாமல் அதிர்ந்திருக்கும், அவள் எடுத்துப் பார்த்திருப்பாள், நன்றி ரித்விக் என்று படித்திருப்பாள். பார்த்திருந்தால் சமாளித்துக்கொள்வாள், பையில் மிட்டாய் இருக்கிறது, விரலில் குத்தும் மெஷின் இருக்கிறது. பார்க்காமல் இருந்திருந்தால்? மேஜையில் கவிழ்த்து வைத்திருப்பாள், ஒரு கணக்கில் மூழ்கியிருப்பாள், மின்தடையோ ஒளிவிலகலோ, அவளுக்கு அது பிடிக்கும், அதிர்வு பெஞ்சில் யாரோ காலாட்டியது போல இருந்திருக்கும். ரீடர் அதிராதவரை எல்லாம் சரி என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதை நம்பிக்கொண்டு எழுதுவாள், எண்பது, எழுபத்திரண்டு, அம்பு தலை கவிழும், எதுவும் அதிராது, அவள் சிரிப்பாள், வரி வலது பக்கம் சரியும். ஹாலில் இருக்கும் டீச்சருக்கு என்ன தெரியும், பொண்ணு சந்தோஷமாக எழுதுகிறது என்று நினைப்பார். போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? மெஷின் நின்றுவிட்டது, விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவுதானே. அவ்வளவுதான், ஆனால் மெஷினைக் கையில் எடுப்பார்கள். எடுத்தால் எண் இருக்கிறது, கடிதத்தில் இருக்கும் அதே எண். திருப்பினால் பெயர் இருக்கிறது. பெயரைப் பார்க்க ஏன் திருப்பப் போகிறார்கள், பிள்ளைக்குத்தான் பார்ப்பார்கள். பார்க்காமலும் இருக்கலாம். அவள் அதிர்வைக் கவனித்திருந்தால் நான் போய்ச் சொல்வது வீண், கவனிக்காவிட்டால் நான் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது கொலை. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்கு வந்தது, மாதவரம் ரவுண்டானாவில் வழி தப்பிய லாரி மாதிரி. கோதண்டம் ஏதோ சொல்லிச் சிரித்தார், இவரும் சிரித்தார், சிரித்துவிட்டு, சர்க்கரை இறங்கினால் மனிதன் இப்படித்தான் சிரிப்பானோ என்று பயந்தார். கஸ்தூரி போன் செய்தாள். "என்ன காட்டுது?" என்றாள். "தெரியல" என்றார். "என்ன தெரியல, பயமா இருக்கா உனக்கு?" என்றாள். பின்னால், இடைவேளை விடாத வரிசைகளில் தையல் மெஷின்கள் ஓடின. "இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து கேட்டை நோக்கி நடந்தார்.

பெண் போலீஸ் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னதைக் கேட்டாள். நல்ல பெண், முகத்தைச் சுளிக்கவில்லை. சர்க்கரை உள்ள பிள்ளை, பத்தாம் நம்பர் ஹால், மோனிஷா, அவ மெஷின் நின்னுடுச்சும்மா, விரலைக் குத்திப் பார்க்கச் சொல்லணும், அவளுக்கே தெரியாது, மயங்கிடுவா. "ஐயோ, சின்ன வயசுலயேவா?" என்றாள். "எங்க அத்தைக்கும் இருக்குதுண்ணே." அவள் தொப்பியைப் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தாள், நின்றாள், திரும்பினாள். சந்தேகமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். "மெஷினு உள்ள இருக்குது. நின்னுடுச்சுன்னு வெளிய இருக்கற உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" தணிகாசலம் வாயைத் திறந்தார். யார்டு, சாக்கு, எபனேசர், சிம், லாட். ஒன்றை இழுத்தால் மற்றதெல்லாம் வரும். "போன் வந்துச்சு" என்றார். "மெஷின்ல இருந்தா?" "இல்லம்மா, கம்பெனில இருந்து." அவள் தலையாட்டினாள். புரிந்த மாதிரிதான் இருந்தது. வேகமாகப் போனாள், கிட்டத்தட்ட ஓடினாள், பிள்ளை மயங்கிவிடக் கூடாதே என்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். போன் வந்துச்சு. உள்ளே இருக்கும் மெஷினைப் பற்றி வெளியே போன் வந்தது. அந்த வாக்கியம் இப்போது அந்தப் பெண்ணின் வாயிலிருந்து ஹால் கண்காணிப்பாளருக்கு, அவரிடமிருந்து முதன்மைக் கண்காணிப்பாளருக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் குறைந்து, கடைசியில் போன் என்பது மட்டும் மிஞ்சும். வெயில் கம்பியில் ஏறியிருந்தது, கை சுட்டது, எடுக்கவில்லை. எண் என்ன என்று அவர் மனசைக் கேட்டார். அது சொல்லவில்லை. காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது இப்போது சொல்லவில்லை. காப்பியடிப்பவர்களைப் பிடிக்கும் பறக்கும் படையின் ஜீப் வந்து நின்றது, இவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனது. அது தற்செயல், மற்றப் பள்ளிகளுக்கும் இப்படித்தான் போகும். அப்படித்தான் நினைத்துக்கொண்டார், பியூன் வந்து, "மோனிஷா அப்பா யாருங்க?" என்று கேட்கும்வரை.

தலைமையாசிரியை அறையில் மின்விசிறி ஓடியது. மோனிஷா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், சிரிக்கவில்லை, அதைத்தான் முதலில் பார்த்தார். "குத்திப் பாத்தியா?" "நூத்தி ரெண்டு" என்றாள். நூற்றிரண்டு. அதற்குப் பிறகுதான் மேஜையைப் பார்த்தார். ரீடர், பிரிந்த மிட்டாய்க் காகிதங்கள், பாதி எழுதிய விடைத்தாள். வரிகள் நேராக இருந்தன. பறக்கும் படை அதிகாரி வயதானவர், கத்தவில்லை. ரீடரைத் திருப்பி எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டார், சரியாக இருந்தது. முன்பக்கம் திருப்பினார். "ரித்விக் யாரும்மா?" மோனிஷா தரையைப் பார்த்தாள். "சிம்மு இருக்குது, பையன் பேர் இருக்குது, உள்ள நின்னது வெளிய இருக்கறவருக்குத் தெரியுது. சொல்லுங்க சார், நான் என்னன்னு எழுதட்டும்?" தணிகாசலம் சொன்னார். முதலிலிருந்து சொன்னார், பின்மூடியையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் மாதிரியே இருந்தது, அவருக்கே. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி கேட்டுவிட்டு, "நம்பர் மாத்தினது நீங்கன்னு நீங்களே சொல்றீங்க" என்றார், முறைகேடு அறிக்கைத் தாள் ஒன்றை எடுத்தார். பெஞ்சிலிருந்து மோனிஷா தாழ்ந்த குரலில் பேசினாள், அவரிடம் மட்டும். "அது ஆரம்பத்துலயே நின்னுடுச்சுப்பா. கவுத்து வெச்சிட்டேன். அப்பப்ப மிட்டாய் தின்னுட்டு, குத்திப் பாத்துட்டு எழுதிட்டு இருந்தேன். யாருக்குமே தெரியல." கொஞ்சம் நிறுத்தி, "அஞ்சு மார்க்கு கேள்வி எல்லாம் தெரிஞ்சதுப்பா" என்றாள்.

மே எட்டாம் தேதி பிளஸ் டூ முடிவுகள் வெளியாயின. மோனிஷாவின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஜூலை மூன்றாம் தேதி தேர்வுத்துறையிலிருந்து வந்த உத்தரவில் அவளுடைய இயற்பியல் தேர்வு ரத்து செய்யப்பட்டு, அடுத்த ஓராண்டுக்கு எந்தப் பொதுத்தேர்வும் எழுதக் கூடாதென்று தடை விதிக்கப்பட்டிருந்தது.